இளம் பிட்ச்சரின் கார்டுகளைச் சேர்ப்பது எப்படி? பால் ஸ்கீன்ஸை வைத்து நான் கற்றுக்கொண்டது

2024 மே 11, சனிக்கிழமை. பிட்ஸ்பர்க் பி.என்.சி. பார்க்கில் பைரேட்ஸ் அணியின் பால் ஸ்கீன்ஸுக்கு மேஜர் லீக்கில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலை) முதல் ஆட்டம். நானும் என் பத்து வயது மகளும் மேல் தளத்தில் இருந்தோம். சிகாகோ கப்ஸ் அணிக்கு எதிராக ஏழு ஸ்ட்ரைக் அவுட் (எதிரணியின் அடிப்பவரைப் பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றுவது) எடுத்துவிட்டு, ஐந்தாவது இன்னிங்ஸ் தொடக்கத்தில் வெளியே போனார். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்றபோது மகள் கேட்டாள்: "அப்பா, அவர் கார்டு ஒண்ணு வாங்கலாமா?"

போனை எடுத்து ஐந்தே நிமிடத்தில் 14 டாலருக்கு ஒரு கார்டை, அதாவது ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டையை, ஆர்டர் செய்துவிட்டேன். பத்து நாள் கழித்து வந்த உறையைப் பிரித்தால், யாரோ வீட்டுப் பிரிண்டரில் அடித்துப் பளபளப்புத் தாள் ஒட்டிய அட்டை. லிஸ்டிங்கைத் திரும்பப் பார்த்தேன். 'கஸ்டம்' என்ற சொல் அதில் இருக்கத்தான் செய்தது. நான்தான் படிக்கவில்லை.

அன்று தொடங்கி அடுத்த ஆண்டு டிசம்பருக்குள் சுமார் 900 டாலர் செலவாகியிருந்தது. இன்று யோசித்தால் அதில் 300 டாலருக்கு வாங்கியதைத்தான் மறுபடியும் வாங்குவேன். மீதி 600 போன வழியை உங்களுக்குச் சொல்லத்தான் இது. ஸ்கீன்ஸை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் பிட்ச்சர் வேறு யாராகவும் இருக்கலாம், படிகள் அதேதான்.

1. ஆளையும் தொகையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

பேஸ்பாலில் பந்து வீசுபவர்தான் பிட்ச்சர். கார்டுச் சந்தையில் பொதுவாக அவருக்கு பேட்டர் (பந்தை அடிப்பவர்) அளவுக்கு மவுசு கிடையாது. காரணம் முழங்கை. மணிக்கு 100 மைல் வேகத்தில் வீசும் கை எந்த வாரம் அறுவை சிகிச்சைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கைப் பாருங்கள். 2010 ஜூனில் முதல் ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக் அவுட். அடி வாங்கியது எங்கள் ஊர் பைரேட்ஸ்தான். அவர் கார்டுகளுக்கு அப்போது ஊரே அலைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் முழங்கையில் 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை. திரும்பி வந்து 2019 உலகத் தொடரின் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஏழு ஆண்டுக்கு 245 மில்லியன் டாலர் ஒப்பந்தமும் கிடைத்தது. அதன்பின் எட்டே ஆட்டம் ஆடிவிட்டு ஓய்வு.

அதனால் 'பின்னால் விலை ஏறும்' என்ற எண்ணத்தோடு பிட்ச்சர் கார்டு சேர்க்க வராதீர்கள். அவர் ஆட்டத்தைப் பார்க்கப் பிடிக்கிறதா? அந்தப் பயணத்தை ஓர் ஆல்பமாக வைத்துக்கொள்ள ஆசையா? அப்படியானால் வாருங்கள். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அது 200 டாலர். எழுதியவள் மகள், காந்தம் வைத்து ஒட்டியவள் மனைவி.

இன்னொரு விதியும் வேண்டும்: ஒரு கட்டத்துக்கு ஒரு கார்டு. அது என்ன கட்டம் என்று அடுத்துச் சொல்கிறேன்.

2. எந்தக் கட்டத்துக்கு எந்தக் கார்டு

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். நானும் குழம்பினேன். ஒரு பிட்ச்சரின் வளர்ச்சியில் ஒவ்வொரு படிக்கும் தனிக் கார்டு வரும்.

*கல்லூரி.* ஸ்கீன்ஸ் முதலில் விமானப்படை அகாடமியில் ஆடினார், பிறகு எல்.எஸ்.யூ.வுக்கு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) மாறினார். 2023 ஜூனில் அந்த அணி கல்லூரி உலகத் தொடரை வென்றது. எல்.எஸ்.யூ. உடையில் அவருக்குக் கார்டுகள் உண்டு. இந்தக் கட்டத்துக் கார்டுகள் மற்றவற்றைவிட மலிவு.

*முதல் போமன்.* போமன் என்பது டாப்ஸ் என்ற கார்டு நிறுவனம் வளரும் ஆட்டக்காரர்களுக்காக வெளியிடும் வரிசை. 2023 ஜூலை டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது) பைரேட்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. அதைத் தொடர்ந்து வந்த '2023 போமன் டிராஃப்ட்' செட்டில் அவருடைய முதல் போமன் கார்டு இருக்கிறது. கார்டின் முகப்பில் '1' என்ற எண்ணோடு 'முதல்' என்று பொருள்படும் சிறு முத்திரை இருக்கும். சேகரிப்பவர்கள் பலர் ரூக்கி கார்டைவிட (மேஜர் லீக்குக்கு வந்தபின் வரும் புதுமுகக் கார்டு) இதைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். ஆனால் இது ரூக்கி கார்டு அல்ல. 'முதல் போமன் ரூக்கி' என்று இரண்டையும் கலந்து எழுதி விற்பவர்கள் ஏராளம். அப்படி எழுதியிருந்தால், அவருக்குத் தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

*மைனர் லீக்.* பெரிய அணிக்கு வரும் முன் பிராடென்டன், ஆல்டூனா, இண்டியானாபொலிஸ் என்று படிப்படியாக வந்தார். மைனர் லீக் அணிகள் பலவும் தங்கள் ஆட்டக்காரர்களின் கார்டுகளை ஒரே கட்டாக, 'டீம் செட்' என்று மைதானக் கடையிலேயே விற்கும். உங்கள் பிட்ச்சர் இப்போது மைனர் லீக்கில் இருந்தால் இந்த வாரமே போய் வாங்குங்கள். அவர் மேலே போன மறுநாள் அது கடையில் இருக்காது.

*அறிமுக ஆட்டம்.* டாப்ஸ் நிறுவனம் 'டாப்ஸ் நவ்' என்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. நேற்று நடந்த ஆட்டத்துக்கு இன்று கார்டு. விற்பனை பொதுவாக 24 மணி நேரம்தான். அதற்குள் எத்தனை ஆர்டர் வருகிறதோ அத்தனைதான் அச்சிடுவார்கள், எண்ணிக்கையையும் வெளியிடுவார்கள். விலை 10 முதல் 12 டாலர், தபால் தனி. கையில் வரச் சில வாரங்கள் ஆகும். நான் 14 டாலருக்குப் போலி அட்டை வாங்கிய மறுநாள், அசல் கார்டு இதைவிடக் குறைந்த விலைக்கு டாப்ஸ் தளத்திலேயே கிடைத்தது. எனக்கு அது தெரியாது.

*ரூக்கி.* மேஜர் லீக்கில் ஆடியபின் வரும் கார்டுகளில் 'ஆர்.சி.' என்ற முத்திரை விழும். 2006 முதல் இதுதான் நடைமுறை. ஸ்கீன்ஸ் மே மாதம் வந்ததால் பிப்ரவரியில் வெளியான டாப்ஸ் சீரிஸ் 1-இல் அவர் இல்லை. ஆண்டு இறுதியில் வந்த '2024 டாப்ஸ் அப்டேட்', 'டாப்ஸ் க்ரோம் அப்டேட்' இரண்டும்தான் அவருடைய முக்கியமான ரூக்கி கார்டுகள். சீசன் நடுவில் வருகிற எந்தப் பிட்ச்சருக்கும் இப்படித்தான்: அப்டேட் வரும்வரை பொறுங்கள். நான் பொறுக்காமல் ஜூனில் இரண்டு சீரிஸ் 2 பெட்டி வாங்கி அவரைத் தேடினேன். அவர் அதில் இல்லவே இல்லை. எந்தச் செட்டில் யார் யார் என்ற முழுப் பட்டியலை வெளியீட்டுக்கு முன்பே டாப்ஸ் போட்டுவிடும். பட்டியலில் பெயரைத் தேடாமல் பெட்டியைத் தொடாதீர்கள்.

*அதன்பிறகு.* ஆண்டுக்கு ஒரு சாதாரணக் கார்டும் பெரிய நிகழ்வுக்கு ஒரு கார்டும் போதும். ஸ்கீன்ஸுக்கு 2024-இல் ஆல் ஸ்டார் ஆட்டத்தின் தொடக்கப் பிட்ச்சர் வாய்ப்பு, 1.96 இ.ஆர்.ஏ.வுடன் (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது) நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம் விருது. 2025-இல் 216 ஸ்ட்ரைக் அவுட், 1.97 இ.ஆர்.ஏ., சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது. (அந்த ஆண்டு அவர் கணக்கு 10 வெற்றி, 10 தோல்வி. அவர் வீசும் நாளில் நம்மவர்கள் ரன் எடுக்க மாட்டார்கள் என்பது பிட்ஸ்பர்க்காரர்களின் தனி வயிற்றெரிச்சல்.)

எங்கள் ஆல்பத்தில் இப்போது ஸ்கீன்ஸுக்கு ஒன்பது கார்டுகள். வரிசையாகப் புரட்டினால் உடையின் நிறம் மாறிக்கொண்டே போகும்: எல்.எஸ்.யூ.வின் ஊதாவில் தொடங்கிக் கறுப்பும் பொன்னிறமுமாக முடியும்.

3. கார்டின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள்

முன்பக்கம் ஏமாற்றும். பின்பக்கத்தில் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, கார்டு எண். போமன் டிராஃப்டில் 'பி.டி.' என்று தொடங்கினால் சாதாரணக் காகிதக் கார்டு. 'பி.டி.சி.' என்றால் க்ரோம், அதாவது உலோகம்போல் மின்னும் வகை. 'சி.டி.ஏ.' என்றால் கையெழுத்துள்ளது. ஒரே படம், ஒரே வடிவமைப்பு, விலை மட்டும் பல மடங்கு மாறும். போனில் சின்னதாகப் படம் பார்த்துவிட்டுக் காகிதக் கார்டை க்ரோம் விலைக்கு வாங்கிய புத்திசாலி நான்.

இரண்டாவது, கையெழுத்து பற்றிய வரி. கையெழுத்துக் கார்டை இங்கே எல்லோரும் 'ஆட்டோ' என்பார்கள். முதல் மாதம் முழுக்க எனக்கு மூன்று சக்கரம்தான் கண் முன் வந்தது. நிஜமான ஆட்டோ கார்டின் பின்பக்கத்தில், இந்தக் கையெழுத்துக்கு நிறுவனமே பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். அது இல்லையென்றால் முன்னால் இருப்பது அச்சடித்த கையெழுத்தாக இருக்கலாம். பல சாதாரணக் கார்டுகளில் அலங்காரத்துக்காக அப்படி அச்சிடுகிறார்கள். கார்டின் மேலேயே பேனாவால் போட்டதற்கு மதிப்பு அதிகம். ஒட்டுத்தாளில் போட்டு ஒட்டியதற்குக் கொஞ்சம் குறைவு.

மூன்றாவது, வரிசை எண். அது முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். '37/50' என்றால் அச்சிட்ட ஐம்பதில் முப்பத்தேழாவது. போமன் க்ரோம் ஆட்டோவில் பழகிப்போன வரிசை இது (எண் என்பது அச்சிடும் எண்ணிக்கை): ரிஃப்ராக்டர் (வானவில்போல் மின்னும் வகை) 499, ஊதா 250, நீலம் 150, பச்சை 99, தங்கம் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 5, கடைசியில் சூப்பர்ஃப்ராக்டர் ஒன்றே ஒன்று. இடையில் வேறு நிறங்களும் புகுந்துகொண்டே இருக்கின்றன. '37' இருக்கும் இடத்தில் ஆட்டக்காரரின் சட்டை எண் வந்தால் கூடுதல் விலை கேட்பார்கள். அதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள்.

தலைப்பில் 'கஸ்டம்', 'ரீப்ரிண்ட்', 'நாவல்டி' என்ற சொற்களில் ஒன்று எங்காவது இருந்தால் அது அசல் இல்லை. 'ஆர்.பி.' என்ற இரண்டெழுத்தும் ரீப்ரிண்ட்தான்.

4. பெட்டி வாங்காதீர்கள், ஒற்றைக் கார்டாக வாங்குங்கள்

2024 கிறிஸ்துமஸ் அன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஒரு பதினோரு வயதுப் பையன் டாப்ஸ் க்ரோம் அப்டேட் பாக்கெட்டைப் பிரித்தான். உள்ளே ஸ்கீன்ஸின் அறிமுக ஆட்டத்துச் சட்டைக் கையில் தைத்திருந்த பேட்ச், அவர் கையெழுத்தோடு. உலகில் ஒன்றே ஒன்று. அந்தக் கார்டைத் தங்களிடம் தந்தால் ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடம்) பின்னால் 30 ஆண்டுக்கு சீசன் டிக்கெட் தருவதாக பைரேட்ஸ் சொல்லியிருந்தது. பையனின் குடும்பம் ஏலத்துக்கு விட்டது. 2025 மார்ச்சில் 11 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்குப் போனது.

இந்தச் செய்தியைப் படித்த வாரம் ஊரில் பாதிப் பேர் பெட்டி வாங்கினோம். என் பங்கு 240 டாலர். கிடைத்தது ஒரு சாதாரண ஸ்கீன்ஸ் ரூக்கி. அதே கார்டு அன்று ஒற்றையாகச் சில டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. அந்த பேட்ச் ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்பது அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை.

எந்தக் கார்டு எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று வரும் என்ற விகிதத்தைப் பாக்கெட் உறையிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், ஆசை அடங்கிவிடும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரு பிளாஸ்டர் பெட்டி (கடைகளில் விற்கும் சின்னப் பெட்டி) வாங்குவது வேறு. பிரிக்கும் சுகத்துக்கு அந்தக் காசு. ஒரு குறிப்பிட்ட பிட்ச்சருக்காகப் பெட்டி வாங்குவது லாட்டரி.

'பிரேக்' என்று ஒன்று உண்டு. யாரோ ஒருவர் நேரலையில் பெட்டிகளைப் பிரிப்பார். அணிக்கு ஒரு இடம் என்று முன்பே காசு கட்டியிருக்க வேண்டும். உங்கள் அணிக்கு எதுவும் வராவிட்டால் உங்களுக்கு எதுவும் இல்லை. நட்சத்திரம் இருக்கும் அணிக்கு இடத்தின் விலையே உச்சத்தில் இருக்கும். பழைய கார்டுகளைத் திரும்பக் கட்டி விற்கும் 'மிஸ்டரி' பெட்டிகள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

5. விலையும் நேரமும்

ஈபேயில் கேட்கும் விலை விலையே அல்ல. தேடலில் 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டுக் கடைசி ஐந்து விற்பனையைப் பாருங்கள். அதில் விலை மீது கோடு போட்டிருந்தால், பேரம் பேசிக் குறைவாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். நிஜ விலையை '130 பாயிண்ட்' என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

புதிய செட் வெளியான முதல் வாரத்தில் சாதாரணக் கார்டு விலை உச்சியில் நிற்கும். எல்லோரும் பெட்டி பிரித்து முடித்த மூன்று நான்கு வாரத்தில் இறங்கும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அக்டோபர் கடைசியில் உலகத் தொடர் முடிந்ததிலிருந்து ஜனவரிவரை சந்தை பொதுவாக மந்தம். மார்ச்சில் பயிற்சி முகாம் சூடு பிடித்ததும் ஏறத் தொடங்கும். நான் வாங்குவது டிசம்பரில். அவர் நன்றாக வீசிய மறுநாள் காலையில் வாங்கவே கூடாது. 2024 மே 17 அன்று கப்ஸுக்கு எதிராக ஆறு இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 11 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். மறுநாள் காலை நான் வாங்கிய கார்டு, அடுத்த மாதமே மூன்றில் ஒரு பங்கு விலை குறைந்து கிடைத்தது.

கணக்குப் போடும்போது வரியையும் தபாலையும் சேருங்கள். பிட்ஸ்பர்க் இருக்கும் அலகெனி கவுண்டியில் விற்பனை வரி 7 சதவீதம். ஈபே தானே பிடித்துக்கொள்ளும். 20 டாலருக்கு உட்பட்ட கார்டுகளைச் சாதாரண உறையில் டிராக்கிங்கோடு அனுப்பும் வசதி ஈபேயில் உண்டு, செலவு சுமார் ஒரு டாலர்தான். 4 டாலர் கார்டுக்கு 5 டாலர் தபால் கேட்பவரிடம் வாங்காதீர்கள். அல்லது ஒரே ஆளிடம் நான்கைந்து கார்டாகச் சேர்த்து வாங்குங்கள். பெரும்பாலும் ஒரே தபாலாக்கித் தருவார்கள்.

6. கார்டு வந்த அன்று

உறையைப் பிரிக்கும் முன் போனில் வீடியோவை ஓடவிடுங்கள். முகவரி தெரியட்டும், பிரிப்பது தெரியட்டும், கார்டின் இரு பக்கமும் நான்கு முனையும் தெரியட்டும். சொன்னபடி இல்லையென்றால் ஈபேயில் 30 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். வீடியோ இருந்தால் வாக்குவாதம் சீக்கிரம் முடியும்.

பிறகு இந்த வரிசை: முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறையான பென்னி ஸ்லீவ், அதற்குமேல் கெட்டியான பிளாஸ்டிக் உறையான டாப்லோடர். ஸ்லீவ் இல்லாமல் நேரே டாப்லோடரில் நுழைத்தால் முனை உரசும். டாப்லோடரின் வாயை ஒட்ட சாதாரண செலோடேப் வேண்டாம்; பெயின்டர்கள் பயன்படுத்தும் நீல டேப் போதும், பசை ஒட்டாமல் உரிந்து வரும். நூறு ஸ்லீவ் ஒன்றிரண்டு டாலர், 25 டாப்லோடர் ஐந்தாறு டாலர். பேட்ச் உள்ள கார்டு தடிமன் அதிகம். அதற்குத் தனி அளவு வாங்க வேண்டும். ஆல்பமாக வைப்பதென்றால் வளையம் 'டி' வடிவத்தில் உள்ள பைண்டர் எடுங்கள். வட்ட வளையம் ஓரக் கார்டுகளை அழுத்தி வளைத்துவிடும். க்ரோம் கார்டுகள் ஈரத்துக்கு வில்போல வளையும், அதனால் பேஸ்மென்டில் வைக்காதீர்கள்.

7. 'ரிடெம்ப்ஷன்' வந்தால்

அச்சிடும் நேரத்துக்குள் ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால், அந்த இடத்தில் ஒரு குறியீட்டுக் கார்டை வைப்பார்கள். குறியீட்டைச் சுரண்டி டாப்ஸ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், அசல் கார்டு பிறகு வரும். எப்போது என்பதுதான் கேள்வி. சில மாதங்களும் ஆகலாம், ஓராண்டைத் தாண்டவும் செய்யலாம். பின்பக்கத்தில் காலாவதித் தேதி இருக்கும். பிறர் விற்கும் ரிடெம்ப்ஷனை வாங்காதீர்கள்: தேதி போயிருக்கலாம், அல்லது குறியீட்டைப் பதிவு செய்துவிட்டு வெற்று அட்டையை விற்கலாம்.

8. கிரேடிங்: அனுப்பும் முன் பத்து முறை யோசிக்க வேண்டியது

கார்டை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால், அது அசல்தானா என்று பார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் தரும். அந்தப் பெட்டிக்கு 'ஸ்லாப்' என்று பெயர். பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கட் ஆகியவை பெரிய பெயர்கள். விற்கும்போது விலை பேசுவது பெரும்பாலும் பி.எஸ்.ஏ. 10.

என் முதல் கணக்கு இது. 8 டாலருக்கு வாங்கிய அப்டேட் ரூக்கி ஐந்து. கட்டணம் தலைக்கு 25 டாலர். போக வரத் தபாலும் காப்பீடும் சேர்ந்து 38 டாலர். மொத்தம் 203. வந்தது இரண்டு பத்து, மூன்று ஒன்பது. ஒன்பது வாங்கிய கார்டுகளின் விலை கிரேடிங் கட்டணத்தைக்கூடத் தொடவில்லை. ஸ்லாப் இல்லாமலே வைத்திருந்தால் 163 டாலர் மிச்சம்.

அதனால் என் விதி: கிரேடிங்குக்கு ஆகும் மொத்தச் செலவைப் போல மூன்று மடங்காவது பி.எஸ்.ஏ. 9-இன் விலை இருந்தால் மட்டும் அனுப்புவது. பத்தின் விலையை வைத்துக் கணக்குப் போடவே கூடாது.

அனுப்புவது என்று முடிவானால்:

அ. இருட்டறையில் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கார்டைப் பாருங்கள். க்ரோம் பரப்பில் தலைமுடி போல ஒரு கோடு ஓடினால் அது அச்சிலேயே விழுந்த கோடு, துடைத்தால் போகாது. எனக்கு ஒன்பது வாங்கிக் கொடுத்ததில் இரண்டு இந்தக் கோடுதான். பிறகு ஓரங்களை அளந்து பாருங்கள்: பி.எஸ்.ஏ. 10 வேண்டுமென்றால் முன்பக்கப் படம் ஏறக்குறைய 55-க்கு 45 என்ற அளவுக்குள் நடுவில் இருக்க வேண்டும். முன்பு 60-க்கு 40 வரை விட்டார்கள், 2025-இல் இறுக்கிவிட்டார்கள். பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள்.

ஆ. தளத்தில் கணக்குத் தொடங்கிப் படிவத்தில் ஒவ்வொரு கார்டையும் ஆண்டு, செட், எண் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இங்கே 'பி.டி.', 'பி.டி.சி.' மாறினால் லேபிளே தப்பாக வரும் அபாயம் உண்டு.

இ. கார்டின் மதிப்பை நீங்கள்தான் அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டணப் படிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. நல்ல மதிப்பெண் கிடைத்துக் கார்டின் விலை அந்த வரம்பைத் தாண்டினால், மேல் படியின் கட்டணத்தைப் பிறகு வசூலிப்பார்கள். குறைத்து எழுதினால் தபாலில் தொலையும்போது அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும். மிக மலிவான படிகளுக்கு உறுப்பினர் கட்டணமோ குறைந்தபட்ச எண்ணிக்கையோ கேட்பார்கள். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் அனுப்பும் அன்று ஒருமுறை பாருங்கள்.

ஈ. டாப்லோடரில் அனுப்பாதீர்கள். பென்னி ஸ்லீவில் போட்டு, 'கார்டு சேவர் 1' என்ற அரைக்கெட்டி உறைக்குள் வையுங்கள். படிவத்தில் உள்ள வரிசையிலேயே அடுக்கி, இரு பக்கமும் அட்டை வைத்து ரப்பர் பேண்டை இறுக்காமல் போட்டு, படிவத்தின் நகலோடு பெட்டியில் அடைத்து, டிராக்கிங்கும் காப்பீடும் போட்டு அனுப்புங்கள்.

உ. தளத்தில் '45 வேலை நாள்' என்று இருந்தால் பெட்டி போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். அவர்கள் பிரித்துக் கணினியில் ஏற்றிய நாளிலிருந்துதான் எண்ணிக்கை. சனி, ஞாயிறு சேராது. என் பெட்டி ஏறவே மூன்று வாரம் ஆனது. மகளின் பிறந்தநாள் பரிசாக நினைத்து அனுப்பியது அவளுடைய அரையாண்டு விடுமுறைக்குத்தான் வந்தது.

கடைகள் மொத்தமாக அனுப்பித் தருவதும் உண்டு, செலவு குறையும். ஆனால் ரசீது வாங்குங்கள். ஒரு கடையில் நான் மூன்று கார்டைக் கொடுத்துவிட்டு, தெரிந்தவர்தானே என்று எதுவும் எழுதி வாங்காமல் வந்தேன். ஐந்து மாதம் கழித்து இரண்டுதான் திரும்பியது. மூன்றாவது கொடுத்ததற்கு என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.

9. மைதானத்தில் நேரில் கையெழுத்து வாங்க

இலவசம், சந்தோஷம். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய், உங்கள் அணி உட்காரும் டக் அவுட் பக்கத்துத் தடுப்பருகே நில்லுங்கள். மைனர் லீக்கில் வாய்ப்பு பல மடங்கு அதிகம். நீல ஷார்ப்பி பேனாவும் மலிவான கார்டும் எடுத்துப் போங்கள். அன்று வீசப்போகும் பிட்ச்சரைத் தொந்தரவு செய்யாதீர்கள், கையெழுத்துப் போட வரமாட்டார்.

இப்படி வாங்கிய கையெழுத்துக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் கிடையாது. விற்க வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்டிச் சரிபார்க்க வேண்டும். விற்காதீர்கள்.

10. வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு விரிதாளில் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு வரி: ஆண்டு, செட், கார்டு எண், வரிசை எண், வாங்கிய தேதி, வரியும் தபாலும் சேர்த்த மொத்த விலை, ஸ்லாப் என்றால் சான்று எண். ஈபே ரசீதை அன்றே பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள், பழைய ஆர்டரைப் பிறகு தோண்டி எடுப்பது பெரிய வேலை.

இதெல்லாம் எதற்கு என்றால் வரிக்கு. அமெரிக்காவில் கார்டை லாபத்துக்கு விற்றால் அந்த லாபத்துக்கு வரி உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் சேகரிப்புப் பொருள் என்ற கணக்கில் உச்ச விகிதம் 28 சதவீதம். விற்பனைத் தளங்கள் உங்கள் விற்பனைத் தொகையைக் காட்டும் '1099-கே' என்ற வரிப் படிவம் அனுப்புவதற்கான வரம்பு இப்போது மறுபடியும் 20,000 டாலரும் 200 விற்பனையும். படிவம் வரவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. வாங்கிய விலைக்கு ரசீது இல்லாவிட்டால் விற்ற தொகை முழுவதும் லாபமாகத் தெரியும். ஈபே எடுத்துக்கொள்ளும் சுமார் 13 சதவீதத்தையும் அந்த விரிதாளிலேயே எழுதுங்கள்; விற்று நஷ்டமா லாபமா என்பது அப்போதுதான் புரியும்.

வீட்டுக் காப்பீடு இந்த மாதிரிப் பொருட்களுக்கு ஒரு சிறிய தொகைக்கு மேல் தராமல் போகலாம். சேகரிப்பு சில ஆயிரம் டாலரைத் தாண்டினால் உங்கள் ஏஜென்டைக் கூப்பிட்டு அந்த வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். என் சேகரிப்பு அந்த உயரத்துக்கு இன்னும் போகவில்லை. நான் வைத்திருப்பது நெருப்புத் தாங்கும் ஒரு சின்னப் பெட்டி, 40 டாலர்.

விரிதாளின் முதல் வரியில் அந்த 14 டாலர் போலி அட்டையும் இருக்கிறது. ஆல்பத்தின் முதல் உறையிலும் அதுதான். எடுத்துப் போடலாம் என்றேன், மகள் விடவில்லை.